நீர் விமானத்துக்கு நான் போட்ட சக்கரங்கள்

அந்த டி-சர்ட்டை எங்கே பார்த்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். வெளிர் நீலத் துணி. நெஞ்சில் ஒரு சிவப்பு விமானம், அதன் அடியில் ஏரித் தண்ணீர், வாலுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெறிக்கும் துளிகள். வெளிநாட்டில் வாங்குகிற பையர் வேண்டாம் என்று தள்ளிய சரக்கு கழுத்து லேபிளை வெட்டிக்கொண்டு கடைசியில் ஊருக்குள்தான் வந்து சேரும். அதனால் இரண்டு வருஷம் திருப்பூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த விமானத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தார்கள். பைக் துடைக்கிற துணியாகப் பார்த்திருக்கிறேன். டீக்கடையில் பாய்லரின் சூட்டுக் கைப்பிடியைப் பிடிக்கிற துணியாகப் பார்த்திருக்கிறேன். குன்னத்தூரில் எங்கள் சித்தப்பா சோளக்காட்டில் குருவி விரட்ட நட்டு வைத்த பொம்மைக்கும் அதுதான் சட்டை. அந்த விமானத்துக்குச் சக்கரம் போட்டது நான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுப் பையர் மெயிலில் கேட்பதை இங்கே டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் தையலுக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். இங்கே நடக்கிற கூத்தை அங்கே புரியாத மாதிரி சொல்ல வேண்டும். அதுதான் மெர்ச்சண்டைசர் வேலை. எங்கள் குடும்பம் குன்னத்தூர்ப் பக்கம் மானாவாரி வெள்ளாமைக்காரக் குடும்பம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தேட வேண்டிய பொருள். படகை நான் சினிமாவில்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் இங்கிலீஷ் பேசத் தெரிந்துவிட்டதால் உலகத்தில் உள்ள எல்லாமே தெரிந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. இருபத்து நாலு வயசில் அந்த நினைப்பு இல்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

எங்கள் முதலாளி என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்து மரியாதை ஊரறிந்தது. நாயைக்கூடப் 'போங்க' என்று சொல்லித்தான் விரட்டுவீர்கள் என்று தெற்கத்திக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். முதலாளி திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பும்போது அவர் குரல் இன்னும் குழையும். அந்தக் குழைவைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். அதே குழைவு என் நாக்கிலும் உண்டு என்பதால் சொல்கிறேன், அதை வெளியூர்க்காரர்கள் நினைக்கிற மாதிரி பணிவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்போதெல்லாம் பிரிண்டிங்குக்கான படங்கள் பாதி மெயிலில் வரும், பாதி ஃபேக்ஸில் வரும். ஃபேக்ஸில் வந்தால் கோடு விட்டுப்போயிருக்கும். ஒரு தடவை ஒரு குதிரை மூன்று காலோடு வந்து சேர்ந்தது. பையரைக் கேட்டுப் பதில் வாங்க ஒரு நாள் ஆகிவிடும். ஷிப்மென்ட் அதுவரை காத்திருக்காது. ஆகவே விட்டுப்போனதை நாமே போட்டுக்கொள்வது என்பது திருப்பூரின் தொழில் வழக்கம். குதிரைக்கு நாலாவது காலை நான்தான் போடச் சொன்னேன். பையர் மெயிலில் பாராட்டினான். முதலாளி அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார். அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலைக்கனம் ஒரு பிடி ஏறும்.

விமானம் வந்தது அதற்கு அடுத்த ஆர்டரில். ஏரிகள் நிறைந்த ஒரு குளிர்தேசத்துப் பையர்; சின்னப் பிள்ளைகள் சட்டை. படத்தில் விமானத்துக்கு அடியில் சக்கரம் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு நீளக் கட்டைகள், பெரிய செருப்பு மாட்டிய மாதிரி. வந்தபடியே ஒரு சாம்பிள் சட்டை அச்சடித்து அனுப்பினோம். நிறம் சரி, அளவு சரி என்று பதில் வந்தது. கூடவே ஒரு வரி. விமானத்தின் அடிப்பகுதி தெளிவாக இல்லை, சரிசெய்துவிட்டு அச்சடிக்கலாம், மறுபடி சாம்பிள் அனுப்ப வேண்டியதில்லை. அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்களுடைய டிசைனர் சக்கரத்தை விட்டுவிட்டான். குதிரைக்குக் கால் கொடுத்த நான் விமானத்துக்குச் சக்கரம் கொடுக்க மாட்டேனா?

எங்கள் பிரிண்டிங் ஷெட் வேலம்பாளையத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மண்ணெண்ணெயும் சாயப் பசையும் கலந்த நெடி மூக்கில் ஏறி, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அச்சடிக்கிற ஸ்கிரீன் சட்டங்களைக் கழுவுகிற தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் ஷெட்டைச் சுற்றி ஒரு சாக்கடையாக ஓடும். அன்றைக்கு என்ன கலர் அச்சடித்தார்களோ அந்தக் கலரில். கொசுக்களுக்கு மட்டும் எந்தக் கலரும் ஆட்சேபம் இல்லை. அந்தச் சாக்கடையை ஒட்டித்தான் வேலைக்காரர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை ரூம்கள். அதில் ஒன்றில் பிரிண்டிங் மாஸ்டர் குடியிருந்தார்.

மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். ஐம்பது வயசிருக்கும். வாலிப வயசு வரைக்கும் கடலுக்குப் போனவர், பிறகு என்ன காரணமோ எல்லாரையும் போல பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்துவிட்டார். ஒரே மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் ரூமிலிருந்து நடக்கிற தூரம். ஒரு நாள் மகள் எழுதிய இங்கிலீஷ் கடிதம் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். சிவப்பு மையில் அள்ளித் தெளித்துத் திருப்பிக் கொடுத்தேன். "பரீட்சை முடியுத வரைக்கும் இந்த ரூமுல இருந்தாப் போதும் மேடம். அப்புறம் எங்க வேணும்னாலும் கெடக்கலாம்" என்றார். கம்பெனி விதி அப்படி: வேலை போனால் மறுநாளே ரூமும் போய்விடும். அது எனக்கும் தெரியும்.

பையரின் பதில் வந்த அன்று நான் படத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், பால்பாயிண்ட் பேனாவால் கட்டைகளுக்கு அடியில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினேன். மாஸ்டர் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், இதுக்குச் சக்கரம் வராதே. இது தண்ணியில இறங்குத பிளேன்லா. கீழ கெடக்கது கட்ட இல்ல, ரெண்டு வள்ளம்."

"வள்ளம்னா?"

"போட்டு மேடம். அணியம் பாருங்க, முன்னால மூக்குத் தூக்கி நிக்கி."

"தண்ணில எறங்குனா எப்படிங்க நிக்கும்? பிரேக் வேணாமா?" என்று கேட்டேன். மேஜையைச் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

அவர் மை இழுக்கிற ஸ்குவீஜியின் பழைய மரக்கட்டை ஒன்றை எடுத்தார். பிரிண்டிங் மேஜை மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். வழவழப்பான மேஜை, கட்டை வழுக்கிக்கொண்டே போய்க் கடைசி முனையில் கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்கிரீன் கழுவுகிற தொட்டிக்கு வந்தார். தண்ணீர் மேல் வைத்து அதே மாதிரி தள்ளினார். முன்னால் ஒரு சின்ன அலையைக் கிளப்பிக்கொண்டு ஒரு முழம் போன கட்டை அங்கேயே நின்றது.

"பாத்தீங்களா. தரையில போறதுதான் தானாப் போகும், அத நாம நிறுத்தணும். தண்ணியில போகத்தான் நாம தள்ளணும். நிக்கதுக்கு ஒண்ணும் வேண்டாம். இஞ்சின அணைச்சாச்சுன்னா தண்ணியே புடிச்சுக்கிடும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அது புரியாத அளவுக்கு நான் முட்டாளும் இல்லை. ஆனால் தள்ளின வேகத்தில் தொட்டித் தண்ணீர் தெறித்து, அன்றைக்குத்தான் முதல் முறையாகப் போட்டிருந்த என் சுடிதார் துப்பட்டாவில் நாலைந்து சொட்டு விழுந்திருந்தது. சாம்பலும் ஊதாவும் கலந்த கழிவுத் தண்ணீர், எண்ணெய் மிதக்கிற தண்ணீர். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், ஏரோப்ளேனப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"ஏரோப்ளேன் எனக்கு என்ன தெரியும் மேடம். தண்ணி தெரியும், அதான் சொன்னேன்."

"சக்கரம் போடுங்க. நான் பையர்கிட்டப் பேசிக்கறேங்க."

"நீங்க சொன்னாச் சரி மேடம்" என்றார். துப்பட்டாவைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டே நான் ஆபீசுக்குத் திரும்பினேன். பையரிடம் பேசவும் இல்லை, மெயிலும் போடவில்லை. நாலு சொட்டுச் சாக்கடைத் தண்ணீருக்காக ஒருத்தர் சொன்ன உண்மையைத் தூக்கி எறிந்தேன். இதை வேறு எப்படி அலங்கரித்துச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

சக்கரம் நன்றாகவே வந்தது. கருப்பு டயர், நடுவில் வெள்ளி நிறப் பொட்டு. பெட்டி பெட்டியாகச் சட்டைகளை மடித்து அடுக்கியான பிறகு, பிப்ரவரி கடைசியில், சரக்கைப் பரிசோதிக்கப் பையர் தரப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தலை நரைத்தவர், நிதானமான ஆள். முதலாளியின் ரூமில் உட்கார்ந்து ஒரு சட்டையை விரித்தார். முதலில் சிரித்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வைத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

முதலாளிக்கு இங்கிலீஷ் அரைகுறை. நடுவில் மொழிபெயர்க்க நான். வெள்ளைக்காரர் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இது தண்ணீரில் இறங்கும் விமானம். சில விமானங்களில் இரண்டும் உண்டு. தரைக்குச் சக்கரம், தண்ணீருக்கு மிதவை. அந்த மாதிரி விமானத்தில் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஓட்டுகிறவன் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சக்கரம் உள்ளே மடங்கியிருக்கிறதா. அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மிதவைக்கு முன்னால் சக்கரம் தண்ணீரைத் தொடும். தண்ணீர் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். மூக்குக் குத்தி, வால் மேலே எழும்பி, விமானம் குப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவார்கள், தலை தண்ணீருக்குள். 'எங்கள் ஊர் ஏரியில் அப்படி இரண்டு பேர் போனார்கள், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது' என்றார் வெள்ளைக்காரர்.

பிறகு அவர் சட்டையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அந்த ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குத்தானே இதை அடித்திருக்கிறீர்கள் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

முதலாளி மேஜை மேலிருந்த டீ டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்தான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்ட மாதிரி: சக்கரம் போட்டது யார்?

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன்; அதுவும் பொய்தான். "பிரிண்டிங் மாஸ்டர்" என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. முதலாளி என்னை ஒரு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு, வேலம்பாளையத்துக்குப் போன் போட்டு மாஸ்டரை வரச் சொன்னார்.

மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கி, கையில் இருந்த சாயத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வெள்ளைக்காரர் எழுந்து கை கொடுத்தார். இது தெரியாமல் நடக்கிற தப்புத்தான், நீர் விமானத்தைப் பார்க்காதவர்கள் யாராக இருந்தாலும் சக்கரம் போட்டிருப்பார்கள் என்று அவரிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார். அதை நான் சொல்லவில்லை. அந்த நல்ல வார்த்தை மாஸ்டரின் காதில் விழுந்தால், 'நான் போடலியே' என்று அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயம். ஆனால் வெள்ளைக்காரர் அத்தோடு விடவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டு, நீர் விமானம் எப்படி இறங்கி எப்படி நிற்கிறது என்று மாஸ்டருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. விற்கிற ஊசியைத் தூக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு.

"காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அதுக்கு எதிராத்தான் எறக்குவாங்களாம்" என்றேன். மாஸ்டர் தலையாட்டினார். தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் கிடந்தால் ஆபத்து, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று பழகினவனுக்கே தெரியாது, சின்ன அலை இருந்தால்தான் கண்ணுக்குத் தண்ணீர் தட்டுப்படும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மிதவையின் நடுப்பகுதி முதலில் தொடும்படி இறக்குவார்கள், வேகம் இருக்கும் வரை தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வரும், இஞ்சினைத் தணித்ததும் மிதவை உள்ளே அமிழும், அமிழ அமிழத் தண்ணீர் இறுக்கிப் பிடிக்கும், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும், பிரேக் கிடையாது. நான் சொல்லச் சொல்ல, அந்தத் தொட்டியும் மரக்கட்டையும் என் கண் முன்னால் நின்றன. அவருக்கும் நின்றிருக்கும்.

மிதவையின் அடியில் நடுவில் ஒரு படிக்கட்டு மாதிரி வெட்டு இருப்பதை வெள்ளைக்காரர் வரைந்து காட்டினார். அது எதற்கு என்று அவர் சொன்ன இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை. திணறினேன். மாஸ்டர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த வெட்டில் விரலை வைத்தார்.

"இது தண்ணி ஒட்டிப் புடிச்சிராம இருக்கதுக்கு மேடம். வழவழன்னு ஒரே அடியா இருந்தா தண்ணி கவ்விரும், எழும்ப விடாது. இங்கன வெட்டி விட்டா காத்து பூந்துரும்."

அவர் என்ன சொல்கிறார் என்று வெள்ளைக்காரர் ஆவலாகக் கேட்டார். சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது. மிகச் சரி, இவருக்கு எப்படித் தெரியும் என்றார். "சும்மா ஊகமாகச் சொல்கிறார்" என்று இங்கிலீஷில் பதில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய இங்கிலீஷிலேயே கேவலமான இங்கிலீஷ் அதுதான். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை.

பிறகுதான் முதலாளி வாயைத் திறந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், இந்தச் சக்கரம் எப்புடீங்க வந்துச்சு?"

மாஸ்டர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்து நான் காகிதத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், "தப்பு நடந்து போச்சு மொதலாளி" என்றார். தான் செய்ததாகச் சொல்லவில்லை, வேறு யாரையும் சொல்லவும் இல்லை.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மாஸ்டர். நாளைக்கு ரூம மட்டும் காலி பண்ணிக் குடுத்துப்போடுங்க."

"பிள்ளைக்குப் பரீட்சை இன்னும் இருவது நாளுல வருது மொதலாளி. அது வரைக்கும் ரூமுல மட்டும் இருந்துக்கிடுதோம். சம்பளம் வேண்டாம்."

"பாப்பா எங்கிருந்தாலும் நல்லா எழுதிருமுங்க. உங்க கர்த்தர் பாத்துக்குவாருங்க" என்று முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார்.

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வெள்ளைக்காரர் என்னைக் கேட்டார். வருத்தம் தெரிவிக்கிறார் என்றேன். அவர் போய் மாஸ்டரின் தோளில் தட்டிக் கொடுத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் வாக்கியத்தில் அமைத்து எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ரூமில் அந்தப் பாவம் ஏ.சி. காற்றில் உட்கார்ந்திருந்தது, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு. மறுநாள் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். மத்தியானம் எழுந்து நன்றாகச் சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கிறது.

சரக்கு தள்ளப்பட்டது, புது மாஸ்டர் வந்தார், வேறு ஆர்டர்கள் வந்தன. ஐப்பசி மழை பிடித்தபோது ஒரு காலையில் ஒரு வேலையாக மண்ணரைப் பக்கம் ஸ்கூட்டியில் போனேன். மழை பெய்தால் சாயப்பட்டறைக்காரர்கள் நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள், மழைத் தண்ணீரோடு தண்ணீராகப் போகட்டும் என்று. ஆறு முழுக்க நுரை. பஞ்சு மூட்டையை உதறிவிட்ட மாதிரி ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றில் பிய்ந்து ரோட்டில் உருண்டு வரும். கிட்டே வந்தால் அழுகின முட்டையும் பினாயிலும் கலந்த நாற்றம். ஒரு கட்டி வந்து என் ஸ்கூட்டியின் முன்னால் அப்பிக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டி, அதைக் கையால் தள்ளப் போனேன்.

"நொரையில கை வைக்காதீங்க மேடம், அரிக்கும்" என்று ஒரு குரல்.

மாஸ்டர். ரோட்டோரச் சாயப்பட்டறையின் தொட்டியிலிருந்து சகதியைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். அரை டிராயர், வெறுங்கால். முழங்கால் வரைக்கும் தோல் கருநீலமாக மாறிப்போயிருந்தது. கால் விரல்களில் இரண்டு நகம் இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குச்சியால் அந்த நுரையை வண்டியிலிருந்து வழித்துத் தள்ளினார்.

"நல்லா இருக்கியளா மேடம்?"

நான் மகளைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் போயிருக்கலாம், வாய் கேட்டுவிட்டது.

"பரீட்சை எழுதலம்மா. ரூம் தேடி அலஞ்சு இங்கன வந்து விழுந்தோம். இந்தத் தண்ணி ஒத்துக்கிடல. பரீட்சை நேரம் பாத்துப் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை. இப்பம் ஒரு பனியன் கம்பெனியில துணி செக்கிங் வேலைக்குப் போகுது. அடுத்த வருசம் எழுதணும்ங்கா, பாப்போம்."

அவர் குரலில் ஒரு குத்தலும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சரிங்க மாஸ்டர், பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். கடலில் பிறந்து வளர்ந்தவரைக் கொண்டுபோய் எந்தத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது, பாலம் தாண்டினதும் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். நாற்றத்தால் என்று சொல்லிக்கொள்ள அந்த இடம் வசதியாகவும் இருந்தது.

மறுநாள் முதலாளியின் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மாஸ்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், முடியாது என்றால் நானும் வேலையை விட்டுவிட வேண்டும். வழியெல்லாம் இதையே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"சார், அந்தச் சக்கரத்தப் போடச் சொன்னது நானுங்க. மாஸ்டர் வேண்டாம்னுதான் சொன்னாருங்க."

அவர் பார்த்துக்கொண்டிருந்த பைலை மூடவில்லை.

"தெரியுமுங்க அம்மிணி."

"தெரியுங்களா?"

"அன்னைக்கே மாஸ்டரு எனக்குப் போன் பண்ணிட்டாருங்க. மேடம் சக்கரம் போடச் சொல்றாங்க, இது தண்ணில எறங்கற பிளேனு, என்ன பண்றதுன்னு கேட்டாரு. நாந்தானுங்க, மேடம் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் போடுங்கன்னேன்." பக்கத்தைத் திருப்பினார். "பையரு முன்னால யாராச்சும் ஒருத்தர நிறுத்தித்தானுங்க ஆகோணும். நானு நிக்க முடியுங்களா? உங்கள நிறுத்துனா, இங்கிலீசு தெரிஞ்சவங்க, நாளைக்கே இன்னொரு கம்பெனிக்குப் போயிருவீங்க. மாஸ்டருங்க கெடைப்பாங்க. நீங்களே அவரு பேரச் சொல்லிட்டீங்க. எனக்கும் சவுகரியமாப் போச்சுங்க."

அன்றைக்கு அந்த ரூமில் மாஸ்டர் ஏன் முதலாளியின் முகத்தையே அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நடந்ததெல்லாம் தெரிந்த இரண்டு பேருக்கு எதிரில் அவர் நின்றிருக்கிறார். ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லுவோம் என்று காத்திருந்திருக்கிறார்.

கோபம் வர வேண்டும். அருவருப்பு வர வேண்டும். அதெல்லாம் வந்தது, ஆனால் பிற்பாடு வந்தது. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. தப்பு என்னுடையது மட்டுமில்லை, பாதி இவருடையது என்ற நிம்மதி. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர் மணியடித்து இரண்டு டீ சொன்னார். அடுத்த ஆர்டருக்கு ஆர்ட்வொர்க் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டதுங்க என்றேன். மாஸ்டரைப் பற்றிக் கேட்கப் போன நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்கப்புறமும் நாலு வருஷம் அந்தக் கம்பெனியில்தான் இருந்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை.